அக்கா மறுத்த டிரா

சுனாமி வந்ததற்கு அடுத்த கோடையில், பெண் பார்க்க வந்தவர்களை வீட்டில் காக்க வைத்துவிட்டு என் அக்கா மரக்காணத்தில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவர அனுப்பப்பட்டவள் நான். எனக்கு ஒன்பது வயது.

அக்கா அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். காலேஜ் போகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியனுப்பினார்கள். "மூணு மணிக்கெல்லாம் வந்துடணும்" என்ற அம்மாவிடம் தலையாட்டிவிட்டுத்தான் இறுதிப்போட்டிக்குப் போனாள்.

கண்ணைக் கூசவைத்த உப்புக் குவியல்களைத் தாண்டி ஓடி, பள்ளிக்கூட ஹாலுக்குள் நான் நுழைந்தபோது மணி நாலரை. அக்காவுக்கு எதிரே வானூர்க்காரர் ஒருவர். மூன்று வருடமாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காதவர். பலகையில் ஆளுக்கு ஒரு யானை, மூன்று சிப்பாய்கள். டிரா ஆகவேண்டிய ஆட்டம் என்று எனக்கே தெரிந்தது.

அக்காவின் காதில், "அவங்க வந்துட்டாங்க. அம்மா ஒடனே வரச் சொல்லுச்சு" என்றேன். நடுவர் என்னை அதட்டினார்.

வானூர்க்காரர் நல்ல மனிதர். "வீட்டுல தேடறாங்க போலிருக்கு. டிரா பண்ணிக்கலாம்மா, ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி" என்றார்.

அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாங்க சார், ஆடலாம்." பிறகு என்னிடம், "முடிச்சிட்டுத்தான் வருவேன்னு போய்ச் சொல்லு."

நான் போகவில்லை. அவள் தன் ராஜாவைக் கட்டம் கட்டமாக நடுப்பலகைக்கு நடத்தினாள். மூக்கு நுனியில் வியர்வை நின்றது, துடைக்கவில்லை. அவர் யானையால் செக் வைத்தார். நகர்ந்தாள். மறுபடியும் வைத்தார். மறுபடியும் நகர்ந்தாள். அந்தத் துரத்தலில் அவருடைய சிப்பாய் ஒன்று காவலில்லாமல் நின்றுவிட்டது. அதை எடுத்தாள். அரைமணி நேரம் கழித்து இன்னொன்றை. கடைசியில் அவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினார். "விடமாட்டியேம்மா நீ!"

நாங்கள் வீடு சேர்ந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சலவைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த அப்பா, "ஜெயிச்சியா?" என்றார்.

"ஜெயிச்சிட்டேம்பா."

"சரி, போய்ச் சாப்பிடு."

மீந்திருந்த பஜ்ஜிகளை அக்காவும் நானும் தின்றோம். எனக்கு மனசு ஆறவில்லை. "டிராவுக்கு ஒத்துக்கிட்டிருந்தா அவங்களையும் பாத்திருக்கலாம், பாதிக் கப்பும் கெடச்சிருக்கும் இல்லக்கா?" என்றேன்.

அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கோப்பையை எப்படிப் பாதியாக வெட்டுவது என்றுதான் சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.