இரட்டை வேகத்தில் கேட்ட நாவல்

கரமனையிலிருந்து கழக்கூட்டத்து அலுவலகத்துக்குப் போக, தம்பானூரில் பஸ் மாறினால் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை வீணாக்காத மேதாவி நான். காதில் எப்போதும் ஆடியோ புத்தகம்.

வாழ்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களை இரட்டை வேகத்தில்தான் ஓட்டுவேன். அதிகாலையில் எழுந்திரு என்பதைச் சொல்ல அந்த ஆசாமிகளுக்கு ஏழு மணி நேரம் வேண்டியிருக்கிறது. தூக்கத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே மூன்று தடவை என் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். நாவல்கள் இன்னொரு விதமான உபத்திரவம். வாசிப்பவர் கதாநாயகிக்கும் மாமியாருக்கும் ஒரே கீச்சுக்குரல் கொடுப்பார். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே பிடிபடாது. அதனால் நாவலுக்கும் அதே இரட்டை வேகம்.

தமிழ் நாவலுக்கு எனக்குக் காதை விட்டால் கதியில்லை. படித்ததெல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்றாலும், நாகர்கோவில் பஸ்ஸின் போர்டை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். என் மனைவி திருநெல்வேலிக்காரி, தமிழ் படித்தவள். ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருந்தாள். பதிப்பகத்துக்கு அனுப்பேன் என்றேன். முதலில் நீங்கள் படிக்கவேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் என்றாள். கைப்பிரதியில் ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரமாயிற்று. அவளே வாசித்து ஃபோனில் பதிவு செய்து தரட்டும் என்று பெரிய மனது பண்ணி யோசனை சொன்னேன். பாவம், மூன்று வாரம் சமையலறை மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஒன்பது மணி நேரம் வாசித்தாள்.

திங்கள் காலை பஸ்ஸில் ஆரம்பித்தேன். ஒருத்தி தன் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். வீட்டு வேலை அவளை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. கதை முழுக்க இதுதான். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், பிரமாதம், காலையிலேயே முடித்துவிட்டேன் என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவள் விரல் விட்டு மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள் முதலா நான் பேசறதையும் இப்படி ஓட்டி ஓட்டித்தான் கேட்டேளா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கதை புரிந்ததா இல்லையா, வேகத்தில் என்ன இருக்கிறது என்று கத்தினேன்.  அவள் நாவலை அனுப்பவில்லை. மேஜை மேல் கிடந்த கைப்பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த திங்களன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அவள் வாசித்த வேகத்திலேயே. குக்கர் விசில் அடித்தது. அவள் தொண்டையைச் செருமினாள். சில வரிகளுக்குப் பிறகு சும்மா இருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். அந்தப் பெண் கடிதத்தில் சொல்லவேண்டிய ஒரே விஷயத்தை எழுதப் பேனாவை எடுக்கிறாள். அப்போது தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், "காப்பி ஆயாச்சோ?" அவள், "இதோ." அதோடு பதிவு முடிந்துவிட்டது.

அது என் குரல். இரட்டை வேகத்தில் கேட்டபோது அதை நாவலில் வரும் புருஷனின் பேச்சு என்று நினைத்திருக்கிறேன். அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது என்று மனைவியிடம் வேறு சொல்லியிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, நான் குறுக்கே கத்திய இடத்திலிருந்து மீதியை வாசிக்கச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மீதி ரெண்டு பக்கம் இருந்தது. நீங்க கூப்பிட்டதோட முடியறாப்பல பதிவைப் போட்டுக் கேட்டேன். இதுக்கு மேல எதுக்குன்னு தோணித்து, கிழிச்சுட்டேன்."

மறுநாள் நாவலை அனுப்பிவிட்டாள்.