நீங்க எழுதுங்க, நாங்க பாத்துக்கறோம்

சிமெண்ட் தரையில் பெஞ்சை இழுத்தால் ஒரு கிறீச் சத்தம் வரும் பாருங்கள்... பல்லெல்லாம் கூசும். கடலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா வந்தாலே அந்தச் சத்தம்தான்.

பையன்களே கிடையாது. அதனால் பெஞ்சு தூக்குவது, மைக் செட் ஒயர் மாட்டுவது, மரமேறித் தோரணம் கட்டுவது எல்லாம் நாங்கள்தான். பிசிக்ஸ் லேபில் கருவியைத் தொட எனக்கும் என் சிநேகிதி சுமதிக்கும் அடிதடியே நடக்கும்.

"ஏய் தள்ளுடி, நீ பாத்தது போதும்!"

சிவில் இன்ஜினியராகி, வெயிலில் நின்று பாலம் கட்ட வேண்டும். அதுதான் என் ஆசை.

சிதம்பரத்தில் சிவில் சேர்ந்தேன். பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சர்வே பிராக்டிகலில் என் குரூப்பில் நாலு பையன்கள், நான் ஒருத்தி. நிலம் அளக்கும் தியோடலைட்டை மைதானத்தில் நிறுத்தினார்கள். ஆசையாகக் கிட்டே போனேன். குமராட்சிப் பக்கத்துப் பையன் செல்வம், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீங்க நெழல்ல ஒக்காந்து ரீடிங் எழுதுங்க. நாங்க பாத்துக்கறோம்."

சுமதியாக இருந்தால் இடித்துத் தள்ளியிருப்பேன். இவனை என்ன செய்வது? வாயைத் திறந்து "நானும் பாக்கறேன்" என்று சொல்லக்கூட வரவில்லை... நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் அங்கேதான். படிப்பு முடியும்வரை அங்கேதான். பொம்பளைதானே என்ற இளக்காரம் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, அவர்கள் சொன்ன எண்களை அழகாக எழுதினேன்.

சைட் வேலைக்கு இன்டர்வியூ போனபோது, கருவியைச் செட் பண்ணிக் காட்டச் சொன்னார்கள். எந்தத் திருகை முதலில் திருப்புவதென்றே தெரியவில்லை. "ஆபீஸ்ல எஸ்டிமேட் போடுங்கம்மா" என்று பெரிய மனசு பண்ணி வேலை கொடுத்தார்கள். இன்றும் அதே வேலைதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.

போன மாதம் பேட்ச் சந்திப்பு. செல்வம் இப்போது பாலம் கட்டுகிறான். அந்த இளக்காரத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப் போனது.

"அய்யய்யோ, எளக்காரம்லாம் இல்லீங்க! பன்னண்டாவது வரைக்கும் பாய்ஸ் ஸ்கூலு. பொண்ணுங்ககிட்ட எப்பிடிப் பேசறதுன்னே தெரியாது. வெயில் ஜாஸ்தியா இருக்குதேன்னுதான் சொன்னேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பமே..."

இன்னமும் என்னிடம் 'நீங்க'தான், பாவம்.

என் பள்ளியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எதையும் தூக்கிவிடலாம் என்ற தெம்பு அங்கே வந்ததுதான். ஆனால் ஒரு பையனிடம் இது என் முறை என்று சொல்லிப் பழக, அங்கே பையன் இல்லையே...

என் மகள் பையன்களும் படிக்கிற பள்ளியில்தான் படிக்கிறாள். போன வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பசங்ககிட்ட ரொம்ப வாயாடுறா, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றார்.

சரிங்க மிஸ் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதுவரை கண்டிக்கவில்லை. அந்த வாய் எனக்கு இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.