நீல டிராக்டர் புறப்பட்ட காலை

போன வாரம் மகள் என்னைப் பிரிஞ்சாங் பக்கம் ஒரு ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். வாசலில் ஒரு பழைய டிராக்டர். சிவப்புச் சாயம் அடித்து, எஞ்சின் இருந்த இடத்தில் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் வரிசையில் நின்று, அதில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “நீங்களும் ஏறுங்கம்மா, ஒரு படம் எடுக்கலாம்லா” என்றாள் மகள். கிட்டே போய் மோந்து பார்த்தேன். சாயத்தின் வாடைதான் வந்தது. முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

டீசல் வாடை இல்லாத டிராக்டரை எனக்குத் தெரியாது. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் அந்த வாடை துண்டில் இருக்கும், தலையணையில் இருக்கும், சில நாள் ரசத்தில்கூட இருப்பதுபோலத் தோன்றும். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தார். நான் அங்கேயே தூள் சலிக்கும் இடத்தில். நாள் முழுக்கத் தேயிலை மணத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்கு வந்ததும் டீசல் வேண்டியிருந்தது. குடிக்கிற புருஷன்களைப் பற்றி மற்ற பெண்கள் குறை சொல்லும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கும் குறை உண்டு, சொன்னால் சிரிப்பார்கள்.

தோட்டம் தோட்டம் என்று அவர் பெருமையாகச் சொன்னது, லயத்துக்குக் கீழே ஓடையோரம் பயிர் வைத்துக்கொள்ளச் சொல்லி எஸ்டேட் துரை விட்டுவைத்த ஒரு துண்டு நிலம். நாலு பாத்தி முட்டைகோஸ், ரெண்டு பாத்தி பீன்ஸ். மண்வெட்டி எடுத்தால் அரை நாள் வேலை. அதற்குத்தான், திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் ஒதுக்கிப் போட்டிருந்த நீல டிராக்டரை வாங்கி வந்தார். உழுவதற்கு அரை மணி நேரம்; அதற்கு முன் ரெண்டு நாள் ரிப்பேர். வண்டியைத் திருப்ப எங்கள் நிலத்தில் இடம் போதாது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் கீரைப் பாத்தியில் ஒரு சக்கரம் ஏறித்தான் திரும்பும்.

“ஏந்தம்பி, ஒன் வண்டி திரும்புறதுக்கா நான் கீரை போடுறேன்?” என்பார் அக்கா. மறுவாரம் அவர் வாசலில் எங்கள் முட்டைகோஸ் ஒன்று இருக்கும், புழு தின்றது போக.

மலைக்குளிரில் டிராக்டர் லேசில் கிளம்பாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் காய்ச்சி வைத்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஊற்றுவார்.

“மனுசி குளிக்க வச்ச தண்ணிங்க அது!”

“அதுக்கும் குளிருதுலா, புள்ள.”

பத்துத் தடவை சாவியைத் திருப்புவார். இருமும், புகை விடும், அடங்கிப்போகும். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டால் இறங்கி வந்து, அதிர்கிற மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி சும்மா நிற்பார். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொறாமைதான்.

ஒரு மழைக்காலத்தில் வேலை இடத்திலேயே விழுந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால். தானா ராத்தாவில் ஒரு வாரம், பிறகு ஈப்போவில் ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. இனி ஏறி இறங்குகிற வேலையே கூடாது என்றார் டாக்டர். எனக்கு அந்த இரும்பு இருக்கைதான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்தால் இவர் அதில் ஏறாமல் இருப்பாரா? மாற்றுத்துணி எடுக்க நான் மேலே வந்திருந்த ஒரு காலையில், பழைய இரும்பு வாங்குகிற லோரி லயத்துக்குள் நுழைந்தது. மகள் அப்போது பினாங்கில் வேலையில் இருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கையை நீட்டி டிராக்டரைக் காட்டினேன்.

லோரிக்காரர் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். சேற்றில் புதைந்த சக்கரம் அசையவில்லை.

“சாவி இருக்காம்மா?”

“கெளம்பாதுங்க. அஞ்சு வாரமா மழையில கெடக்கு.”

அவர் தன் லோரி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. சத்தம் கேட்டு லெட்சுமி அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தார். “என்னடி, தம்பி வந்துருச்சா?”

டிராக்டர் சேற்றிலிருந்து தானே வெளியே வந்து, பலகைமேல் தானே ஏறி, லோரிக்குள் போய் நின்றது.

அவர் வீடு திரும்பிய மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம், டிராக்டர் நின்ற இடத்துக்குப் போனார். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த தரையை வெகுநேரம் பார்த்தார். நான் பின்னால் நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இழுத்து இழுத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“போறப்ப ஸ்டார்ட் ஆச்சா?”

“இல்லைங்க. இழுத்துத்தான் ஏத்துனாங்க.”

செத்துப்போனதைத்தான் கொடுத்தேன், உயிரோடு கொடுக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணத்தில் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் தலையாட்டினார். “நான் இருந்திருந்தா ஆயிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் மூன்று வருஷம் இருந்தார். நாற்காலியை ஓடைப் பக்கம் போட்டால் ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்வார். வண்டிப் பேச்சை எடுக்கவே இல்லை. எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். முதல் திருப்பிலேயே பிடித்ததுங்க, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த எஞ்சின் அது என்று. கேட்டால் எவ்வளவு பூரித்திருப்பார்! ஆனால் ஓடுகிற வண்டியை ஏன் கொடுத்தாய் என்று அவர் கண் கேட்குமே. அதற்குப் பயந்தே கடைசிவரை சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டார்கள். ஓடையோரம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. அடியில் யாரோ பூ வளர்க்கிறார்கள். லெட்சுமி அக்கா மகனோடு கிள்ளானுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். லோரிக்காரர் எந்த ஊரென்றுகூட எனக்குத் தெரியாது. மகளிடம் இதைச் சொன்னதில்லை. அன்று காலை அந்த எஞ்சின் ஓடியதைக் கேட்டவர்களில் இந்த மலையில் நான் ஒருத்திதான் மிச்சம்.