தவமலரின் மாசித் தூள்

வைத்திக்குப்பம் கரையில் தவமலர் அக்கா கடை என்றால் இரண்டு பெஞ்சு, ஒரு நீலத் தார்ப்பாய், ஓர் அடுப்பு. அவ்வளவுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. மீனுக்கு ஐஸ் இறக்கிவிட்டு வரும் எனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைத்திருப்பார். அது பாசம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். தினமும் ஒரு பாளம் ஐஸ் கொடுப்பதால்தான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

அவர் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில், பன்னிரண்டு வயதில், நனைந்த பாவாடையோடு படகிலிருந்து ராமேசுவரத்தில் இறங்கினார். பிறகு முகாம். ஒரே அறையில் ஏழு பேர்; ஆள் எண்ண வரும்போதெல்லாம் வரிசை. கல்யாணமும் அங்கேதான். பெயிண்ட் அடிக்க வந்த கணவர் இங்கே வீடு பார்க்க, இங்கேயே தங்கிவிட்டார்கள். கடை போட இடம் கேட்டபோது ஊர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த முத்துவேல், "ஓரமா போட்டுக்கம்மா" என்றார். எட்டு வருஷமாக அந்த ஓரத்தைத் தாண்டி அக்கா ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை.

போன ஆடியில் அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டியவர்கள் பத்து நாள் மீனைத் தொடக் கூடாது. அக்காவும் மீன் குழம்பை நிறுத்திவிட்டு, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். சம்பல் கடைக்குப் புதுசு. முத்துவேல் மஞ்சள் கயிறு கட்டிய கையால் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இன்னாமா போட்ட இதுல? சும்மா அள்ளிகினு போவுது."

அவர் போன பிறகுதான் அக்கா தன் கையருகே இருந்த டப்பாவைப் பார்த்தார். மாசித் தூள். சூரை மீனை அவித்துக் காயவைத்து இடித்தது. அவர்கள் வீட்டுச் சமையலில் சம்பலுக்கு அது உப்பு மாதிரி. கை தானாகப் போய் எடுக்கும், அதை மீன் என்றே நினைப்பதில்லை. நாற்பது வருஷம் கடலில் கிடந்த முத்துவேலின் நாக்குக்கும் அது மீன் என்று தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"சொல்லாத உட்டுடுக்கா. அவருக்கு இன்னா தெரியப்போவுது" என்றேன். பெரிய யோக்கியன் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"எனக்குத் தெரியுமே, தம்பி. நேர்த்தி வச்சிருக்கிற மனுசன். இந்த இடம் போனாப் போகட்டும்."

அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னார். முத்துவேல் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், எழுந்து கடல் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி சாந்தி கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. அக்கா பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை தடவை மூட்டை கட்டிய கையோ, முடிச்சு அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

அப்போது முத்துவேல் வந்தார். கடலில் தலைமுழுகிவிட்டு, பூசாரியிடம் புதுக் காப்புக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எதுக்கு மூட்ட கட்டற?"

"நீங்க சொல்லுறதுக்கு முந்தி நானே போயிடலாம் எண்டு..."

"யாரு போவ சொன்னது? அவுத்துப் போடு, பசிக்குது." மேல் பெஞ்சை அவரே இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். "செடல் முடிஞ்ச மறுநாளு அந்தத் தூள் போட்ட சம்பல் எனக்கு ஒரு கிண்ணம் தனியா வேணும். அப்பறம், வெள்ளிக்கெழம கோயில்ல கூழு ஊத்தறோம். ஊர்ல வீட்டுக்கு ஒரு கொடம். உன் வீட்டு கொடமும் வரணும்."

எட்டு ஆடி வந்து போயிருக்கிறது. அக்காவிடம் யாரும் குடம் கேட்டதில்லை, ஊர்க்காரர்களிடம்தான் கேட்பார்கள். அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ஓம், அண்ணை" என்றார்.

"தூள் போடாத கொண்டா" என்றார் முத்துவேல்.