சிரிக்க ஒன்றுமில்லாத இடம்

இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சேர்த்தது இல்லை. கதை விடுவதாக இருந்தால், என் மானத்தை நானே கப்பலேற்றும்படியான கதையையா விடுவேன்? படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், அது உங்கள் பாடு. நான் சிரிப்பதை விட்டு ஏழு மாதம் ஆகிறது.

என் வேலை பழைய படங்களின் சத்தத்தைச் சுத்தம் செய்வது. கீறல், இரைச்சல், கரகரப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வசனத்தையும் பாட்டையும் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்பேன். ஸ்டூடியோவில் எனக்குப் பெயரே 'காது'. முதலாளி முதல் வாசல் காவலர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இரண்டு வருடமாக என் இடது காது சரியில்லை. மனைவிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண் விழும், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால் வலது காதை வைத்தே இரண்டுக்கும் சேர்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்தப் படம் எங்களிடம் வந்தது.

அறுபது வருடத்துக்கு முந்தைய படம். முழுக்கப் பாட்டும் சிரிப்பும். ஒரே வீட்டுக்குப் பாட்டு வாத்தியார்களாக வந்து சேரும் இரண்டு போலிகள். இரண்டு பேரும் பாட்டு கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். ஒருவர் உச்சத்துக்குப் போக முடியாமல் வாயைப் பிளந்தபடி நிற்கும்போது, வீட்டு நாய் அந்தச் சுருதியைச் சரியாகப் பிடித்து ஊளையிடும். மற்றவர் ஓடிப்போய் நாயின் காலில் விழுவார். நூறு தடவை பார்த்தவர்களுக்கும் அந்த இடத்தில் வயிறு வலிக்கும். என் மனைவி என்னிடம் முதன்முதலில் பேசியதே அந்தப் படத்து வசனத்தைத்தான். என் பிள்ளைகள் அந்தப் படத்துப் பாட்டைப் பாடிக்கொண்டு இப்போது பல் தேய்க்கிறார்கள்.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

"மறுபடி வெளியிடும்போது தியேட்டர் சிரிப்பையும் சேர்த்துடலாம். வீட்ல தனியா பாக்குறவனுக்கும் கூட்டத்தோட பாக்குற மாதிரி இருக்கணும். என்ன சொல்றே, காது?"

படம் முதலில் ஓடிய அதே தியேட்டரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு இலவசக் காட்சி வைத்தார்கள். நான்கு மூலையிலும் மைக் மாட்டினேன். படம் ஓட்டும் அறையில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன்னால், காலி இடத்தின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். ஒவ்வொரு இடத்தின் மௌனமும் வேறு மாதிரி இருக்கும். பின்னால் சத்தத்தில் ஓட்டை விழுந்தால், இந்த மௌனத்தை வைத்துத்தான் ஒட்டுப்போடுவோம்.

மணி 9.40. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பதிவைத் தொடங்கினேன்.

முப்பதாவது வினாடியில்... டக்.

மடக்கு நாற்காலியை இறக்கிப் போட்டு யாரோ உட்காரும் சத்தம். மூன்றாம் மைக், இடது பின்மூலை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. பழைய நாற்காலி, ஸ்பிரிங் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காட்சி தொடங்கியது. அரங்கு நிறைந்துவிட்டது. பல் போனவர்களும் சிரித்தார்கள், பால்பல் விழாதவர்களும் சிரித்தார்கள். ஆனால் மூன்றாம் மைக்கில் ஓர் ஆணின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைவிட ஒரு வினாடி முந்தி. படத்தைக் கரைத்துக் குடித்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'முந்திரிக்கொட்டை' என்று அவருக்கு ஒரு பெயரும் வைத்தேன்.

11.52. கதாநாயகி கதவைச் சாத்துகிறாள். அடுத்த காட்சியில் தோட்டத்துப் பாட்டு. இரண்டுக்கும் நடுவே படம் லேசாக ஒரு குதி குதிக்கும், அவ்வளவுதான். அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை. அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை.

முந்திரிக்கொட்டை சிரித்தார்.

விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் நிறுத்தவே இல்லை. பிறகு இருமல். நீளமாக ஓர் இழுப்பு... அப்புறம் சத்தமே இல்லை. கீழே பார்த்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இப்படி ஒருவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டாரா?

படம் முடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பின்மூலையில் ஐந்து வரிசைக்குக் கயிறு கட்டியிருந்தது. உடைந்த நாற்காலிகள். விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி.

மதியம் 3.10. ஸ்டூடியோவுக்கு வந்து ஒட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பக்கத்து அறையில் கிழிந்த ஃபிலிமை ஒட்டிப் படத்தைச் சரிசெய்பவர் அவர்.

"அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்க."

கேட்டார். "என்னத்தைக் கேக்கணும்?"

"ஒருத்தர் சிரிக்கிறாரே..."

"யாருப்பா சிரிக்கிறா? பாட்டுதான் ஓடுது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காதுக்கே காது போயிடுச்சா?"

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் என் நல்ல காதும் போய்விட்டதா? அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

3.20. மறுபடி போட்டேன். மூன்றாம் மைக்கை மட்டும் தனியாக எடுத்து, சத்தத்தின் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தது. முள் அசையவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்... சிரிப்பு நிற்கவில்லை.

கேட்கிற வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

இன்னும் தெளிவாகக் கேட்டது.

இயந்திரத்தை அணைத்தேன்.

சிரிப்பு...

இருமல்...

அந்த இழுப்பு. என் இடது தோளுக்குப் பக்கத்தில்.

மணி 3.21.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் போனேன். வலது காதில் ஒரு குறையும் இல்லை என்றார். இடது காதைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒண்ணுமே கேக்காது. நரம்பு சுத்தமா போயிடுச்சு. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்."

"சிரிப்புச் சத்தம் கேக்குமா, டாக்டர்?"

"இரைச்சல் மாதிரி தோணலாம். சிரிப்பெல்லாம் கேக்காது."

அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். முதலாளியிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒட்டு அக்கா குதூகலமாக ஓடி வந்தார். தியேட்டரின் சாமான் அறையில் கிடந்த தகர டப்பா ஒன்றில், வெட்டி எடுத்த ஃபிலிம் துண்டு கிடைத்திருக்கிறது.

"படம் குதிக்குதே, அந்த இடம்தான். பதினெட்டு வினாடி. படம் மட்டும்தான் இருக்கு. ஓரத்துல இருக்கிற சத்தப் பட்டை அரிச்சுப் போச்சு. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சாத்திய கதவுக்கு வெளியே இரண்டு வாத்தியார்களும் நிற்கிறார்கள். நடுவில் அந்த நாய். ஒருவர் வாயசைக்கிறார். மற்றவர் ஏதோ பதில் சொல்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் சிரித்தேன்.

எதற்கு என்று சத்தியமாகத் தெரியவில்லை. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நெஞ்சு அடைத்தது. இருமல் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன்... வரவில்லை.

அக்கா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். முதுகில் ஓங்கித் தட்டினார். மூச்சு வந்தது.

"என்னப்பா இது! இதுல சிரிக்க என்ன இருக்கு?"

டப்பாவின் அடியில் படக் கம்பெனியின் பழைய காகிதம் ஒன்று மடித்துக் கிடந்தது. அக்காதான் எடுத்துப் படித்தார். படித்து முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

'வெளியான மூன்றாம் நாள், காலைக் காட்சி. இந்த இடத்தில், இடது பக்கப் பின்வரிசையில் ஒருவர் சிரித்தபடியே மூச்சடைத்து இறந்தார். எல்லாப் பிரதிகளிலும் வெட்டவும். இறந்தவர் நமது ஒலிப்பதிவாளர். சிரிப்பு எத்தனை வினாடி நீடிக்கிறது என்று அளக்கப் போயிருந்தார்.'

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் பார்க்காத பதினெட்டு வினாடி! சும்மா கிடைத்த விளம்பரம்.

"காது, அந்தத் துண்டுக்கு நீதான் சத்தம் போடணும்."

டாக்டர் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்தது, அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. அவர் எடுத்துப் படித்தார். அன்றோடு என் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். இப்போது மைத்துனரின் கடையில் மின்விசிறி விற்கிறேன். "உயிரோட இருக்கீங்களே, அது போதும்" என்றாள் மனைவி.

என் இடத்துக்கு வந்தவர் நல்ல கெட்டிக்காரர், இரண்டு காதும் சுத்தமாகக் கேட்பவர். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை 11.15க்கு எனக்கு ஃபோன் செய்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். நீங்க பண்ணின தியேட்டர் ரெகார்டிங்ல ஒரு சந்தேகம். மூணாம் மைக், கதவு சாத்துற இடம்."

ஃபோனோடு கடைக்கு வெளியே வந்தேன். "சிரிப்பு கேக்குதா?"

"நல்லா கேக்குது. முள்ளே துடிக்குது. நாலு தடவை அழிச்சிட்டேன், திரும்பத் திரும்ப வருது."

என் காது பொய் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சில் ஒரு நிம்மதி. தேவையில்லாமல் வேலையை விட்டுவிட்டோமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"ஒருத்தர்தானே சிரிக்கிறார்?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ரெண்டு பேர்." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு நீங்களும் கீழே உக்காந்து பாத்தீங்களா? ரெண்டாவது குரல் அப்படியே உங்க குரல் மாதிரி இருக்கு. பதினெட்டாவது வினாடியில ரெண்டு பேருக்கும் மூச்சு நின்னுடுது."