நீலம் மறைகிற வரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலையகத்து வட்டகொடைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சிறு துணிக்கடை இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியதும் சர்க்கரை வியாதி வந்தது. கால் பெருவிரலில் ஆறாத புண். வியாதியை வெளியே சொல்லக் கூச்சம்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குச் சேலை கொண்டுபோய் விற்பேன். அங்கே அவர்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேநீர் குடிப்பார்கள். வந்தவர்களுக்கு மட்டும் சீனியைக் கரைத்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றேன். அந்த வீட்டுப் பெண் தேநீரை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினாள். கடைக்காரர்கள் லயத்தில் கைநனைக்காததற்கு அவர்களுக்குத் தெரிந்த காரணம் சாதி ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் நீட்டியபோதெல்லாம் குடித்தேன்.

தோட்டத்து மருந்துச்சாலையில்தான் எனக்கு நீர்ச் சோதனை. டிஸ்பென்சர் அதை எல்லார் முன்னாலும் செய்வார். நீல மருந்தை ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து என் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். எவ்வளவு சீக்கிரம் நீலம் மறைகிறதோ, அவ்வளவு சர்க்கரை. அன்று சொட்டத் தொடங்கியதுமே மறைந்துவிட்டது.

“மூத்திரமா, கித்துள் வெல்லப் பாணியா மொதலாளி? விரல வெட்டணும்னு ஆசையா? என்னத்த குடிச்சீங்க?”

நான் தரையைப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் அதே பெண் நின்றிருந்தாள்.

“எங்க வீட்டுலதாங்க குடிச்சாரு. நான்தான் சீனிய அள்ளிப் போட்டேன்,” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “வியாதின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அன்னிக்கு வேணாம்னதுக்கு ஒங்கள என்னா பேச்சு பேசுனோம்!”

“வெரல விட்டாலும் விடுவாரு, வாயத் தொறக்க மாட்டாரு,” என்றார் ஒரு கிழவர். வரிசையே சிரித்தது. அடுத்த சோதனையும் இப்படி வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிவிடுவேன் என்றார் டிஸ்பென்சர்.

மறுபடி சேலை மூட்டையோடு போனபோது, என் சிறுநீரில் என்ன இருக்கிறது என்பது லயத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவள் கொடுத்த சீனியில்லாத தேநீரை எல்லார் பார்வைக்கும் நடுவில் குடித்தேன். காது சுட்டது. அடுத்த வீட்டுக்காரி வேண்டுமென்றே ஒரு குவளையை நீட்டினாள்.

“இதுல சீனி இருக்கே, என்னா செய்வீங்க?”

“எனக்கு வியாதி. சீனி போடாம குடுங்க,” என்றேன்.

“காதுல விழல மொதலாளி!”

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.