கூனல் திலாப்பியா

காலையில் வாசலில் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் வாளியோடு வந்தார். குருபோங் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் பிடித்த திலாப்பியாவாம்.

மூன்று மீனுக்கும் முதுகு கூனியிருந்தது. ஒன்று படுத்தபடியே வட்டமடித்தது.

"அண்ணே, அந்த ஆத்துல ஈயம், காட்மியம் எல்லாம் கலக்குதாம். அதான் மீனு இப்படி இருக்கு. சாப்பிடாதீங்க."

"கூனல்தான் நல்லது லா. குவாலிச் சட்டியில சரியா உட்காரும்," என்றார். "உங்க அண்ணி ஊர்ல இல்ல. நீ குழம்பு வை, சாயங்காலம் வர்றேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியாமல் வேறு மீனை மாற்றிச் சமைக்க நினைத்தேன். காஜா பெராங் மீன் சந்தை முழுக்கத் தேடிவிட்டேன். எல்லா மீனும் நேராகவே இருக்கிறது.

சுத்தமான, ஆனால் கூன் விழுந்த திலாப்பியா எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.